ஒரு சின்ன ஏரியின் வரவு செலவு

மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் ‘பத்து சதவீத விதி’ என்று ஒன்று வரும். புல்லில் இருக்கும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே அதைத் தின்னும் வெட்டுக்கிளிக்குப் போய்ச் சேரும். வெட்டுக்கிளியிடமிருந்து பத்தில் ஒரு பங்கு தவளைக்குப் போகும் என்று அதில் சொல்லியிருக்கும். அதன் பக்கத்திலேயே லிண்டெமன், 1942 என்று ஒரு பெயரும் ஆண்டும் இருக்கும்.

அந்த ஆண்டில்தான் லிண்டெமன் இறந்தார். அப்போது அவருக்கு 27 வயதுகூட நிறைவடையவில்லை. ஐந்து ஆண்டுகள் ஒரே ஒரு சிறிய ஏரியைச் சுற்றி வந்து, அதில் விழும் வெயில் எங்கே போகிறது என்று கணக்குப் பார்த்தவர் அவர். அந்தக் கணக்கை எழுதிய கட்டுரை முதலில் நிராகரிக்கப்பட்டது. பிறகு ஏற்கப்பட்டாலும், அச்சில் பார்க்க அவர் உயிரோடு இல்லை. வயல், குளம், காடு எதைப் பற்றிப் பேசினாலும் இன்று சூழலியல் அறிஞர்கள் தொடங்கும் இடங்களில் ஒன்று அந்தக் கட்டுரை.

பண்ணையில் வளர்ந்த பிள்ளை

ரேமண்ட் லாரல் லிண்டெமன் 1915ஆம் ஆண்டு ஜூலை 24 அன்று பிறந்தார். அமெரிக்காவின் வடபகுதியில் உள்ள மின்னசோட்டா மாநிலத்தில், ரெட்வுட் ஃபால்ஸ் என்ற ஊருக்கு அருகில் இருந்த பண்ணையில் வளர்ந்தார். கோடையில் நல்ல விளைச்சல் தரும் பூமி அது. குளிர்காலத்தில் ஏரிகள் எல்லாம் மேலே உறைந்து, ஆள் நடந்து போகும் அளவுக்குப் பனிக்கட்டியாகிவிடும். மின்னசோட்டாவில் ஆயிரக்கணக்கான ஏரிகள் உண்டு.

மிசூரி மாநிலத்தில் உள்ள பார்க் கல்லூரியில் படித்து 1936இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு மேற்படிப்புக்காக மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் விலங்கியல் பேராசிரியர் சாமுவேல் எட்டி. 1938இல் எலினார் ஹால் என்ற பெண்ணை மணந்தார். அவரும் உயிரியல் படித்தவர். ஏரியில் மாதிரி எடுப்பதிலும் ஆய்வகத்தில் அவற்றைப் பிரித்து எண்ணுவதிலும் கணவருக்குத் துணையாக நின்றவர்.

மூப்படைந்த ஏரி

லிண்டெமன் தேர்ந்தெடுத்த ஏரியின் பெயர் சீடர் பாக். மின்னியாபொலிஸ் நகருக்கு வடக்கே, சீடர் கிரீக் என்ற சதுப்புப் பகுதியில் இருக்கிறது. பார்த்தால் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. சில ஏக்கர் பரப்பு, ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழம், அடியில் கனத்த சேறு, கரையைச் சுற்றிச் சதுப்பு. ஆண்டுக்கு ஆண்டு தூர்ந்து, நிலமாக மாறிக்கொண்டிருந்த ஏரி அது. அறிவியல் மொழியில் மூப்படைந்த ஏரி.

ஆழமில்லாத சிறிய ஏரி என்பதே அவருக்கு வசதியாக இருந்தது. பெரிய ஏரி என்றால் மீனுக்கு ஒருவர், பாசிக்கு ஒருவர், சேற்றுப் புழுவுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்ள வேண்டிவரும். இந்த ஏரியை முழுவதுமாக ஒருவரே பார்க்க முடியும். நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிகள், அவற்றைத் தின்னும் நுண்ணிய உயிர்கள், வேரூன்றி வளரும் நீர்ச்செடிகள், சேற்றில் வாழும் சிறு ஈக்களின் புழுக்கள், அவற்றைப் பிடித்துத் தின்னும் பூச்சிகள், மீன்கள் என ஒவ்வொன்றையும் பருவம் தவறாமல் எடுத்து, இனம் பிரித்து, எண்ணி, எடை போட்டார்.

குளிர்காலத்திலும் வேலை நிற்கவில்லை. ஏரி மேலே உறைந்துவிட்டால் உள்ளே காற்றும் வெளிச்சமும் போகாது. நீரில் உள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அந்த மாதங்களில் எந்த உயிர் பிழைக்கிறது, எது மடிகிறது என்று ஆய்வகத்தில் அதே நிலையை உருவாக்கிச் சோதித்து, அதையும் தனிக் கட்டுரையாக எழுதினார். 1936 முதல் 1941 வரை ஐந்து ஆண்டுகள் இப்படி ஓடின.

இந்த உழைப்புக்கு நடுவே உடல் நலம் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. கல்லீரல் நோய் அவரை அடிக்கடி படுக்கையில் தள்ளியது.

யார் யாரைத் தின்கிறார்கள்

லிண்டெமனுக்கு முன்பே உணவுச் சங்கிலி பற்றி அறிஞர்களுக்குத் தெரியும். இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் எல்டன் 1927இல் எழுதிய நூலில் ஒரு முக்கியமான உண்மையைச் சொல்லியிருந்தார். செடியைத் தின்னும் சிறு உயிர்கள் மிகுதி. அவற்றைத் தின்பவை குறைவு. அவற்றையும் தின்னும் பெரிய வேட்டை உயிர்கள் மிகக் குறைவு. அடி அகன்று உச்சி குறுகும் கூம்பு போன்ற அமைப்பு இது. 1935இல் ஆர்தர் டான்ஸ்லி என்ற இங்கிலாந்துத் தாவரவியல் அறிஞர், உயிர்களையும் அவை வாழும் மண், நீர், காற்று, வெளிச்சம் ஆகியவற்றையும் பிரிக்காமல் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்றார். அந்த முழுத் தொகுதிக்குச் ‘சூழல் மண்டலம்’ என்ற பொருள்படும் சொல்லை அவர்தான் பயன்படுத்தினார்.

யார் யாரைத் தின்கிறார்கள் என்பது தெரிந்தது. மேலே போகப் போக எண்ணிக்கை குறைகிறது என்பதும் தெரிந்தது. ஆனால் எவ்வளவு குறைகிறது, ஏன் குறைகிறது என்பதற்கு ஓர் ஏரி முழுவதற்குமான கணக்கு இல்லை. பாசியை ஒரு அளவிலும் புழுவை இன்னொரு அளவிலும் மீனை எண்ணிக்கையிலும் சொன்னால் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. நெல்லை மூட்டையிலும் பாலை லிட்டரிலும் வைக்கோலைக் கட்டிலும் சொல்லிவிட்டுப் பண்ணையின் வருமானம் எவ்வளவு என்று கேட்பது போன்றது அது. எல்லாவற்றையும் பணமாக மாற்றினால்தான் கணக்கு நிற்கும். லிண்டெமன் எல்லாவற்றையும் கலோரியாக மாற்றினார். பாசியும் புழுவும் மீனும் அடியில் கிடக்கும் சேறும் வெயிலிலிருந்து வந்த ஆற்றலின் வெவ்வேறு வடிவங்கள்தாம் என்பது அவர் பார்வை.

யேல் பல்கலைக்கழகத்தில்

1941 மார்ச்சில் முனைவர் பட்டத்தை முடித்தார். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் இந்த ஆற்றல் கணக்கைத் தொட்டிருந்தார். அதை விரிவாக்க, அந்த ஆண்டின் பிற்பகுதியில் உதவித்தொகை பெற்று யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே இருந்தவர் ஈவ்லின் ஹட்சின்சன். 1932இல் யேல் ஆய்வுக் குழுவோடு லடாக் வந்து அங்குள்ள உயரமான ஏரிகளை ஆராய்ந்தவர் அவர். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு எத்தனை பங்கு ஆற்றல் போகிறது என்பதைக் கணித முறையில் எழுதுவதற்கு அவருடைய குறிப்புகள் லிண்டெமனுக்கு உதவின.

சீடர் பாக் ஏரியில் லிண்டெமன் கண்ட கணக்கு இது. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஓராண்டில் விழும் வெயில் 1,18,872 கலோரி. அதில் பாசியும் செடிகளும் பிடித்து உணவாக மாற்றியது 111 கலோரி. ஆயிரத்தில் ஒரு பங்கு! அந்த 111இல் செடி தின்னும் உயிர்களுக்குப் போய்ச் சேர்ந்தது 14.8 கலோரி, நூற்றுக்கு 13 பங்கு. அவற்றைத் தின்னும் ஊனுண்ணிகளுக்குக் கிடைத்தது 3.1 கலோரி, ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

மீதி எங்கே போனது என்பதையும் அவர் விடவில்லை. பாசியும் செடியும் பிடித்த 111இல் 23 கலோரியை அவையே மூச்சு விடவும் வளரவும் செலவழித்துவிட்டன. கிட்டத்தட்ட 15 தின்னப்பட்டது. சுமார் 3 மட்கிப் போனது. எஞ்சிய 70 கலோரியை எந்த உயிரும் தொடவில்லை.

இன்னொன்றையும் கவனித்தார். செடிகள் தங்கள் வரவில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் தங்கள் உடல் நடப்புக்குச் செலவிடுகின்றன. செடி தின்னும் உயிர்கள் நூற்றுக்கு 30 பங்கைச் செலவிடுகின்றன. ஊனுண்ணிகளோ நூற்றுக்கு 60 பங்குக்கு அருகில் செலவிடுகின்றன. ஓடித் தேடி வேட்டையாடும் உயிருக்குச் செலவு அதிகம். அப்படிச் செலவழித்த ஆற்றல் சூடாகி வெளியேறிவிடும். அதை மறுபடி பிடித்துப் பயன்படுத்த முடியாது. கூம்பின் உச்சி குறுகுவதற்குக் காரணம் இதுதான். புலிக்கு மேல் புலியைத் தின்று வாழும் இன்னொரு விலங்கு இல்லாததற்கும் இதுவே காரணம். அந்த உயரத்தில் ஒரு குடும்பத்தை நடத்தப் போதுமான ஆற்றல் மிஞ்சுவதில்லை.

சேறு சொல்லும் கதை

லிண்டெமன் வரைந்த ஏரியின் உணவுப் படத்தில் நட்டநடுவில் இருப்பது மீனல்ல, சேறு. செத்த பாசி, உதிர்ந்த இலை, மீனின் கழிவு எல்லாம் அங்கே வருகின்றன. பாக்டீரியாக்கள் அவற்றைச் சிதைக்கின்றன. சிதையும்போது வெளிப்படும் தழைச்சத்தும் மணிச்சத்தும் நீரில் கரைந்து மறுபடி பாசிக்குப் போகின்றன. சத்து சுற்றிச் சுற்றி வரும். ஆற்றல் அப்படி வராது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்து போய்விடும். அடுத்த நாள் சூரியன் உதித்தால்தான் புது வரவு. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சூழலியலின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று.

தின்னப்படாத அந்த 70 கலோரியும் சும்மா மறைந்துவிடவில்லை. ஆண்டுதோறும் அடியில் படிந்து சேறாகச் சேர்ந்தது. வரவு செலவை மிஞ்சினால் கிடங்கு நிறையும். ஏரி தூர்ந்து சதுப்பாகி, கடைசியில் நிலமாவது இப்படித்தான் என்று லிண்டெமன் விளக்கினார். ஓர் ஏரி ஏன் மூப்படைகிறது என்ற கேள்விக்கும் ஆற்றல் கணக்கிலேயே விடை தேடினார். கோடையில் வண்டி கட்டிக் குளத்து வண்டலை வயலுக்கு அடித்த நம் முன்னோர் கலோரிக் கணக்கு பார்க்கவில்லை. ஆனால் குளத்தின் அடியில் சேமிப்பு இருக்கிறது என்பதை அறிந்திருந்தார்கள்.

திருப்பி அனுப்பப்பட்ட கட்டுரை

1941இன் பிற்பகுதியில் லிண்டெமன் தன் கட்டுரையை அமெரிக்கச் சூழலியல் சங்கத்தின் இதழுக்கு அனுப்பினார். அப்போது ஏரி ஆய்வில் மூத்தவர்களாக இருந்த இருவரிடம் அது கருத்துக்காகப் போனது. ஒருவர் விஸ்கான்சினைச் சேர்ந்த சான்சி ஜூடே. மற்றவர் மிச்சிகனைச் சேர்ந்த பால் வெல்ச். வெளியிட வேண்டாம் என்று இருவரும் சொல்லிவிட்டார்கள்.

அவர்கள் சொன்னதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. வாழ்நாள் முழுவதும் பல ஏரிகளை அளந்தவர்கள் அவர்கள். ஏரிக்கு ஏரி தன்மை மாறும். ஒரு சிறிய ஏரியை ஐந்து ஆண்டு பார்த்துவிட்டு எல்லா இடத்துக்கும் பொதுவாகப் பேசுவது அவசரம். கற்பனைக் கணக்கு கூடுதலாகவும் அளந்த தரவு குறைவாகவும் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். ஒரு பண்ணையில் ஒரு பருவம் விளைந்ததை வைத்து மாவட்டம் முழுவதற்கும் பரிந்துரை எழுதினால் நாமும் அதைத்தான் கேட்போம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சீடர் பாக் ஏரியோடு ஒப்பிட லிண்டெமன் எடுத்துக்கொண்டது விஸ்கான்சினில் உள்ள மெண்டோட்டா ஏரி. அந்த ஏரியின் ஆற்றல் வரவு செலவை வெளியிட்டிருந்தவர், கட்டுரையை வேண்டாம் என்ற அதே ஜூடேதான்.

ஹட்சின்சன் விடவில்லை. இதழின் ஆசிரியரான தாமஸ் பார்க்குக்கு நீண்ட கடிதம் எழுதினார். குறைகள் இருந்தாலும், எதை அளக்க வேண்டும் என்று காட்டுவதற்கே இப்படி ஒரு பொதுக் கருத்து தேவை என்பது அவர் நிலைப்பாடு. லிண்டெமனும் கோபித்துக்கொண்டு ஒதுங்கவில்லை. வந்த குறைகளைப் படித்துக் கட்டுரையைத் திருத்தி எழுதினார். உடல்நிலை மோசமாகிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. 1942 மார்ச்சில், மூத்தவர்கள் இருவரின் கருத்தையும் மீறி, பார்க் அதை ஏற்றுக்கொண்டார்.

அந்தச் செய்தி அவர் காதுக்கு எட்டியது. அச்சுப் பிரதி கைக்கு வரவில்லை. 1942 ஜூன் 29 அன்று லிண்டெமன் இறந்தார். 27ஆம் பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. கட்டுரை அந்த ஆண்டு அக்டோபர் இதழில் வெளியானது. அதன் முடிவில் ஹட்சின்சன் தன் இளைய நண்பருக்காக ஒரு சிறு குறிப்பைச் சேர்த்திருந்தார்.

பத்து என்பது விதியா?

அடுத்த இருபது ஆண்டுகளில் அவருடைய வழி பரவியது. ஹட்சின்சனிடம் பயின்ற ஹோவர்ட் ஓடம், ஃபுளோரிடாவில் உள்ள சில்வர் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்றுநீர் ஓடையை இதே முறையில் அளந்து 1957இல் வெளியிட்டார். அவருடைய அண்ணன் யூஜின் ஓடம் 1953இல் எழுதிய பாடநூல், ஆற்றல் ஓட்டத்தை உலகெங்கும் உள்ள வகுப்பறைகளுக்குக் கொண்டுபோனது. ஏரி ஆய்வாளர்கள் இன்று இளம் விஞ்ஞானிகளுக்கு லிண்டெமன் பெயரில் விருது வழங்குகிறார்கள்.

ஆனால் பாடப்புத்தகத்தில் இருக்கும் ‘பத்து சதவீதம்’ என்ற எண்ணைப் பற்றி வேளாண் அலுவலர்களும் ஆசிரியர்களும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். லிண்டெமன் தன் கட்டுரையில் எல்லா இடத்துக்கும் பத்துதான் என்று விதி எழுதவில்லை. அவர் கண்ட எண்கள் ஏரிக்கு ஏரி, படிக்குப் படி மாறின. சீடர் பாக்கில் 13, 22 என்று வந்தவை, மெண்டோட்டாவில் 8.7, 5.5, 13 என்று இருந்தன. பத்து என்பது நினைவில் வைக்க வசதியான சராசரி அளவு. ஒவ்வொரு படியிலும் பெரும்பங்கு கழிந்துவிடும் என்பதுதான் உறுதியான செய்தி.

நம் வயலிலும் குட்டையிலும்

இந்தக் கணக்கு தெரிந்தால் நாம் அன்றாடம் செய்யும் சில வேலைகளின் காரணம் விளங்கும்.

மீன் குட்டையை எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கெண்டை பாசியையும் புல்கெண்டை புல்லையும் தின்னும். கட்லா நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்னும். இவை சங்கிலியின் கீழ்ப் படிகளில் மேய்பவை. விரால் மீனோ பிற மீனையும் தவளையையும் பிடித்துத் தின்னும். வெளியிலிருந்து தீவனம் போடாமல் குட்டையின் சொந்த விளைச்சலை மட்டும் நம்பினால், ஒரு ஏக்கர் நீரில் கெண்டை தரும் எடையை விரால் தர முடியாது. விராலுக்கு விலை கூடுதலாக இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

நெல் வயலில் சிலந்தியும் தட்டானும் தீமை செய்யும் பூச்சிகளைவிட எண்ணிக்கையில் குறைவாகவே இருக்கும். அவை மேல்படியில் இருப்பதால் அப்படித்தான் இருக்க முடியும். மருந்து தெளித்தால் இரண்டும் சாகும். பயிர் இருக்கும்வரை பூச்சிக்கு உணவு உண்டு, சீக்கிரம் பெருகிவிடும். சிலந்தி மீள வேண்டுமென்றால் முதலில் அதற்கு இரை பெருக வேண்டும். இந்த இடைவெளியில்தான் பூச்சி முன்பைவிட மோசமாகத் தாக்குகிறது. தெளிக்கும் முன் வயலில் இறங்கி இரண்டையும் எண்ணிப் பாருங்கள் என்று வேளாண் அலுவலர்கள் சொல்வதன் காரணம் இது.

வைக்கோலையும் தாளையும் வயலிலேயே எரித்தால், பயிர் மாதக்கணக்கில் பிடித்து வைத்த ஆற்றல் சில நிமிடங்களில் சூடாகப் போய்விடும். மாட்டுக்குப் போட்டால் பாலும் சாணமும் ஆகும். மடக்கி உழுதால் மண்புழுவும் நுண்ணுயிரும் அதைத் தின்று வாழும். எப்படியும் ஆற்றல் ஒருநாள் சூடாகத்தான் போகப்போகிறது. போகும் வழியில் எத்தனை உயிர்களுக்கு வேலை கொடுத்துவிட்டுப் போகிறது என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

சீடர் பாக் ஏரி இன்றும் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள சீடர் கிரீக் நிலம் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் காப்பிடமாக உள்ளது. 1988இல் அங்கே கடும் வறட்சி வந்தபோது, பல வகைப் புற்களும் செடிகளும் கலந்து வளர்ந்த பாத்திகள், சில வகைகள் மட்டுமே இருந்த பாத்திகளைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. டேவிட் டில்மன் தலைமையில் நடந்த அந்த ஆய்வும் உலகெங்கும் பேசப்பட்டது. மனைவியைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு இளைஞர் சேற்றை அள்ளி எடை போட்ட அதே மண்ணில், வேறு பலர் இன்னும் அளந்துகொண்டிருக்கிறார்கள்.